திருத்தி விற்பதா, உள்ளபடி விற்பதா? யாழ்ப்பாணத்தில் ஒரு பழைய வீட்டின் கணக்கு

நல்லூர்க் கொடியேற்றத்துக்கும் தீர்த்தத்துக்கும் இடைப்பட்ட 25 நாட்களில் யாழ்ப்பாணத்தில் அதிகம் பேசப்படும் விடயங்களில் ஒன்று வீடு விற்பனை. கனடாவிலிருந்தும் பிரான்ஸிலிருந்தும் லண்டனிலிருந்தும் மூன்று நான்கு வார விடுமுறையில் வருபவர்கள், கோயிலுக்குப் போய்வந்த மற்ற நேரத்தில் பழைய வீட்டைத் திறந்து பார்க்கிறார்கள். ஓடு விலகியிருக்கிறது, கிணற்றடியில் பற்றை, பின்பக்கக் கக்கூசுக்குக் கதவில்லை. பிள்ளைகள் இனி வந்து இருக்கப்போவதில்லை என்பது தெரிந்துவிட்டது. விற்பது என்று முடிவாகிறது. அடுத்த கேள்வி உடனே வருகிறது: திருத்திப்போட்டு விக்கிறதோ, உப்பிடியே விக்கிறதோ?

விமானச்சீட்டின் திரும்பும் திகதிக்குள் இதற்கு விடை காண வேண்டியிருப்பதால், பெரும்பாலும் மேசனைக் கூப்பிடுவதில்தான் வேலை தொடங்குகிறது. மேசனைக் கூப்பிடுவதற்கு முன் செய்ய வேண்டியவை பல இருக்கின்றன என்பதே இக்கட்டுரையின் விடயம்.

எங்கள் குடும்பத்துக்கும் இந்தக் கேள்வி வந்தது. வலிகாமத்தில் நான்கு பரப்புக் காணியில் அப்பு 1958 இல் கட்டிய வீடு. அம்மாவுக்கும் அவருடைய சகோதரங்கள் மூவருக்கும் பிரிக்கப்படாத சமபங்காக அப்பு நன்கொடை உறுதி எழுதி, தனக்கும் ஆச்சிக்கும் சீவிய உரித்தை வைத்துக்கொண்டார். இருவரும் காலமாகிவிட்டார்கள். பெரிய மாமா ரொறன்ரோவில், சின்ன மாமா பாரிஸில், அம்மா எங்களோடு. திருமணம் செய்யாத சின்னம்மா மட்டும் அந்த வீட்டில் இருக்கிறார். 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வில் தென்மராட்சிக்குப் போய், அடுத்த ஆண்டு திரும்பி வந்து, கூரையில்லாத அறையில் தறப்பாள் கட்டி இருந்து வீட்டை மீட்டவர் அவர். திருத்தி விற்கலாம் என்றார் பெரிய மாமா. இருந்தபடி விற்றுக் காசைப் பிரிக்கலாம் என்றார் சின்ன மாமா. ஊரில் இருப்பவளும், எழுதுவதைத் தொழிலாகக் கொண்டவளும் என்பதால் விசாரிக்கும் வேலை என்னிடம் வந்தது. இரண்டு தரகர்கள், ஒரு மேசன், ஒரு நொத்தாரிசு, வங்கிக் கடன் பிரிவில் வேலை செய்யும் நண்பி என்று ஒரு மாதம் திரிந்தேன்.

எது விலைப்படுகிறது?

யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு விலை கேட்டால் வருகிற பதில் பரப்புக் கணக்கில் இருக்கும். ஒரு பரப்பு 10 பேர்ச், 16 பரப்பு ஒரு ஏக்கர். “பரப்பு என்ன விலை போகுது?” என்பதுதான் தரகரின் முதல் வாக்கியம். வீடு அதன்பின் ஒரு சொல்லாக வரும்: “வீடும் இருக்கு.” நான் சந்தித்த முதல் தரகர் இன்னும் வெளிப்படையாகச் சொன்னார்: “பிள்ளை, உந்த வீட்டை ஆரும் விலையிலை சேர்க்கமாட்டினம். இடிக்கிற கூலியைக் கழிக்காமல் விட்டாலே பெரிய காரியம்.”

அவர் சொன்னது முழுக்கச் சரியில்லை. ஆனால் அவர் எந்த வாங்குநரை மனதில் வைத்துச் சொன்னார் என்பதைப் புரிந்துகொள்வது முக்கியம். வெளிநாட்டிலிருந்து வாங்குகிறவர், அல்லது வெளிநாட்டுக் காசில் இங்குள்ள உறவினரின் பெயரில் வாங்குகிறவர், பெரும்பாலும் பழைய வீட்டை இடித்துவிட்டு மேல்மாடி வைத்துக் கட்டுகிறார். அவருக்கு நீங்கள் பதித்துக் கொடுக்கும் மாபிள் ஓரிரு மாதத்தில் கல்லும் மண்ணுமாக உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிப் போகும். காணியைத் துண்டாக்கி விற்க வாங்குகிற வியாபாரிக்கும் அப்படித்தான். அவர் பார்ப்பது வீதி முகப்பின் அகலத்தையும், பின் துண்டுக்கு ஒழுங்கை விடலாமா என்பதையும். பக்கத்துக் காணிக்காரர் வாங்கினால் இடையில் உள்ள மதிலை எடுப்பதைப் பற்றித்தான் யோசிப்பார்.

திருத்தவேலைக்கு விலை தரக்கூடியவர் வேறொருவர். ஆசிரியர், தாதி, வங்கி ஊழியர், அரச அலுவலகத்தில் எழுதுவினைஞர் என்று இரண்டு பேர் உழைக்கும் இளம் குடும்பம். வாடகை வீட்டில் இருக்கிறார்கள். கடன் எடுத்து வாங்கி அடுத்த மாதமே குடிபோக வேண்டும். கட்டுவதற்கு அவர்களிடம் மேலதிகக் காசு இல்லை. அதனால் இருக்கக்கூடிய வீடு என்றால் அதற்கு விலை தருவார்கள்.

இடத்தைப் பொறுத்தும் கணக்கு மாறும். திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்தைச் சுற்றிய ஒழுங்கைகளில், அறைகளோடு குளியலறை சேர்த்த வீட்டை மாணவர்களுக்கு வாடகைக்கு விட வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே இரண்டு குளியலறை கட்டுவது காசாகத் திரும்பலாம். தீவகத்தில் நிலைமை தலைகீழ். புங்குடுதீவில் பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாங்க ஆளில்லாத இடத்தில் பெயின்ற் அடித்து என்ன பயன்? வன்னியில் கேள்வியே வேறு. அங்கே பல வீடுகள் அரச காணி அனுமதிப்பத்திரத்தில் நிற்கின்றன. அனுமதிப்பத்திரத்தையோ அளிப்பையோ கையில் வைத்துக்கொண்டு, தனியார் உறுதிக் காணியைப் போல நினைத்தவுடன் விற்றுவிட முடியாது. பிரதேச செயலகத்தின் அனுமதி இல்லாமல் கைமாறிய காணிகளால் இரண்டு பக்கமும் தவிப்பவர்கள் இருக்கிறார்கள்.

38 இலட்சமும் 15 இலட்சமும்

பெரிய மாமாவின் விருப்பப்படி மேசனைக் கூட்டிக்கொண்டு போனேன். சிவப்புச் சீமெந்துத் தரைக்கு மேல் மாபிள், விறாந்தையை மூடி ஹோலைப் பெரிதாக்குவது, குசினிக்கு மேடையும் அலுமாரியும், உள்ளே ஒரு குளியலறை, ஓட்டை எடுத்துவிட்டுச் சீற் போட்டு உட்கூரை அடிப்பது, வயரிங், பெயின்ற். மேசன் தந்த கணக்கு 38 இலட்சம் ரூபா. “சாமான் விலை ஏறினால் நான் பொறுப்பில்லை” என்றும் சொன்னார். அது நியாயமான எச்சரிக்கை. 2021 இல் 1,000 ரூபாவை ஒட்டியிருந்த 50 கிலோ சீமெந்து மூட்டை 2022 நெருக்கடியில் 3,000 ரூபா வரை போனதையும், பாதியில் நின்ற வீடுகளையும் நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

பிறகு இரண்டு தரகர்களிடமும் ஒரே கேள்வியைத் தனித்தனியாகக் கேட்டேன்: இவ்வளவும் செய்தால் விலை எவ்வளவு கூடும்? முதலாமவர், ஒன்றும் கூடாது, கெதியாக விலைப்படும் என்றார். இரண்டாமவர் 15 இலட்சம் வரை கூட்டிக் கேட்கலாம் என்றார். அதாவது நல்லபடி நடந்தால்கூட 38 போட்டு 15 எடுக்கலாம். வேலை முடிய ஆறு மாதம். மேற்பார்வைக்கு ஆள் வேண்டும். அந்த ஆறு மாதமும் சின்னம்மா எங்கே இருப்பார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இன்னொன்றும் அந்த விசாரிப்பில் தெரிந்தது. இரண்டு தரகர்களும் வெறும் காணிக்குச் சொன்ன விலையிலேயே பரப்புக்கு 5 இலட்சம் வித்தியாசம் இருந்தது. நான்கு பரப்புக்கு 20 இலட்சம். மாபிளும் சீற்றும் சேர்ந்து கூட்டித் தருவதைவிட, சரியான விலையைக் கேட்டறிவது கூடுதலாகத் தருகிறது. அயலில் அண்மையில் முடிந்த விற்பனைகளை விசாரிப்பதும், தகுதியுள்ள மதிப்பீட்டாளர் ஒருவரிடம் எழுத்தில் மதிப்பீடு எடுப்பதும் சில ஆயிரங்களில் முடியும் வேலைகள். விடுமுறையில் வருபவர்கள் இதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். ஒரு தரகர் சொன்ன விலையைப் பிடித்துக்கொண்டு, அதற்கு மேல் எடுப்பதற்காக மேசனிடம் போகிறார்கள்.

திருத்துவது பழைய வீட்டைக் கெடுத்துவிடும் ஆபத்தும் உண்டு. எங்கள் பகுதிப் பழைய வீடுகளின் சுவர் சுண்ணக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். அது ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும் சுவர். அதன்மேல் சீமெந்துப் பூச்சும் எண்ணெய்ப் பெயின்றும் போட்டால் ஈரம் உள்ளே அடைபட்டு, உப்புப் பூத்து, ஒரு மாரிக்குள் பெயின்ற் கொப்பளிக்கும். கூரையில் இருப்பது வைரம் பாய்ந்த பனஞ்சிலாகை. கறையான் இலகுவில் ஏறாது. அந்த அளவு முற்றிய மரம் இப்போது இலேசில் கிடைப்பதில்லை, பனை தறிக்கவும் அனுமதி எடுக்க வேண்டும். அதைக் கழற்றிவிட்டு அஸ்பெஸ்டஸ் சீற் போடுவதற்குக் காசு கொடுப்பதை என்னால் எந்தக் கணக்கிலும் நியாயப்படுத்த முடியவில்லை. பழைய கதவு, நிலை, தூண், ஓடு ஆகியவற்றைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வாங்குநர் இடிக்கத்தான் போகிறார் என்றால், இவை விற்பனையில் சேருமா சேராதா என்பதை முற்பணம் வாங்கும்போதே எழுதிக்கொள்வது நல்லது.

மனையடி சாஸ்திரம் வேறு இருக்கிறது. நீங்கள் காசு போட்டுக் கட்டிய குசினி எந்த மூலையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, வாங்க வந்தவர் தலையை ஆட்டிக்கொண்டு போகக்கூடும்.

முதலில் திருத்த வேண்டியது உறுதிப் பெட்டி

வங்கியில் வேலை செய்யும் நண்பி சொன்னது எனக்கு நல்ல தெளிவைத் தந்தது. கடன் விண்ணப்பங்கள் வீட்டின் தோற்றத்தால் நிராகரிக்கப்பட்டு அவர் பார்த்தது மிகக் குறைவு. பத்திரங்களில்தான் சிக்குகின்றன. வீட்டுக்கு விலை தரக்கூடியவர் கடன் எடுத்து வாங்கும் குடும்பம் என்றால், வங்கி கேட்கும் பத்திரங்கள் இல்லாத வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தக் குடும்பத்துக்கு அதனால் பயனில்லை.

வங்கி கேட்பவை பொதுவாக இவை: உறுதியும் அதற்கு முந்திய உறுதிகளும், பொதுவாக 30 ஆண்டுகளுக்குப் பின்நோக்கிப் பார்த்த காணிப் பதிவகப் பிரதிகள், உரிமம் பெற்ற நில அளவையாளரின் அண்மைய படம், கட்டட அனுமதி, சோலைவரி கட்டிய பற்றுச்சீட்டு, காணி வீதி விரிவாக்கத்துக்குள் போகவில்லை, சுவீகரிக்கப்படவில்லை என்று உள்ளூராட்சி சபை தரும் சான்றிதழ்கள். 1958 இல் கட்டிய வீட்டுக்குக் கட்டட வரைபடம் எங்கே போய்த் தேடுவது? சபையில் விசாரித்து, பழைய கட்டடத்துக்கு அவர்கள் எதை ஏற்பார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியதுதான். பின்னால் சேர்த்துக் கட்டிய பத்திக்கும் குளியலறைக்கும் அனுமதி எடுக்காத வீடுகள் ஊரில் ஏராளம். விற்பதற்காக இன்னுமொரு அறையை அனுமதியில்லாமல் கட்டினால், வீட்டின் விலையோடு வில்லங்கமும் கூடும்.

போரில் உறுதியைத் தொலைத்தவர்கள் பலர். உறுதி தொலைந்தால் காணி தொலைந்துவிடாது. நொத்தாரிசு தான் முடித்த உறுதிகளின் இரண்டாம் பிரதியை மாதந்தோறும் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது சட்டம். அதிலிருந்து உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம். இதற்கு நாளெடுக்கும். வாங்குநர் வந்தபிறகு தொடங்கினால் அவர் வேறு வீட்டுக்குப் போய்விடுவார்.

எல்லைகளும் இப்படித்தான். இடம்பெயர்ந்து திரும்பிய ஊர்களில் வேலி நகர்ந்திருக்கிறது. எங்கள் காணியில் மேற்கு வேலி உறுதியில் உள்ள அளவுக்கு நிற்கவில்லை. பத்து ஆண்டுகளுக்கு மேல் எதிரிடையாக ஆண்டவர் ஆட்சியுரிமை கோரலாம் என்பது பொதுச் சட்டம். 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை ஆயுத மோதலால் தமது காணிக்குப் போக முடியாதிருந்தவர்களுக்கு, அந்தக் காலத்தைக் கணக்கில் எடுக்காமல் விடும் விசேட சட்டம் 2016 இல் 5 ஆம் இலக்கமாக வந்தது. அயலவரோடு வழக்குப் பேசுவதைவிட அளவையாளரைக் கூப்பிட்டு, இரண்டு பகுதியும் நின்று பார்க்கக் கல் நாட்டுவது எங்களுக்கு மலிவாக முடிந்தது.

தேசவழமையை மறந்துவிட்டு விலை பேசுகிறவர்களும் உண்டு. 1947 இன் 59 ஆம் இலக்க முன்கொள்வனவுக் கட்டளைச் சட்டத்தின்படி, தேசவழமைக்கு உட்பட்ட காணியை விற்கும்போது இணை உரித்தாளருக்கும், விற்பவர் இறந்தால் சட்டப்படி வாரிசாகக்கூடியவர்களுக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டு. அவர்களுக்கு முறையாக அறிவிக்காமல் வெளியாருக்கு விற்றால், பின்னர் நீதிமன்றத்துக்குப் போகும் வாய்ப்பு அவர்களுக்கு இருக்கிறது. அதனால் அனுபவமுள்ள நொத்தாரிசுகள் அறிவித்தல் கொடுத்ததற்கான அத்தாட்சியைக் கேட்பார்கள்.

1911 இன் 1 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இன்னொரு முடிச்சு. தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், தன் பெயரில் உள்ள காணியைக்கூடக் கணவனின் எழுத்து மூலச் சம்மதமின்றி விற்க முடியாது. கணவர் எங்கே என்று தெரியாதபோதும், கைவிட்டுப் போனபோதும் மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் மனைவிமார் வாழும் மாகாணத்தில் இதன் பாரம் யார் தலையில் விழுகிறது என்பதைச் சொல்லத் தேவையில்லை. பெண்கள் அமைப்புகள் இதை நீண்டகாலமாக விமர்சித்து வருகின்றன. சட்டம் மாறும்வரை, அப்படியான நிலையில் உள்ள ஒரு பெண் பெயின்ற் வாங்கப் போவதற்கு முன் சட்டத்தரணியிடம் போக வேண்டியிருக்கிறது.

எங்கள் வீட்டில் அம்மாவின் பங்குக்கு அப்பா கையொப்பமிடுவார், அதில் பிரச்சினை இல்லை. சிக்கல் வேறிடத்தில் வந்தது. பெரிய மாமா ஒரு கட்டத்தில், “எல்லாருடைய பங்கையும் நானே வாங்கிவிடுறன், வீடு வெளியிலை போகக்கூடாது” என்றார். அவர் கனடியப் பிரஜை, இலங்கைப் பிரஜாவுரிமையை மீளப் பெறவில்லை. 2014 இன் 38 ஆம் இலக்கக் காணிச் சட்டப்படி வெளிநாட்டவருக்குக் காணி உரித்தை விற்க முடியாது. நெருங்கிய உறவினரிடமிருந்து வாரிசுரிமையாகவோ நன்கொடையாகவோ மரணசாசனத்தாலோ கிடைப்பதற்கு விலக்கு உண்டு. இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவருக்கும் தடையில்லை. அறுதியாக வாங்க வேண்டுமானால் அவர் முதலில் இரட்டைப் பிரஜாவுரிமை எடுக்க வேண்டும். வெளிநாட்டில் உள்ள வாங்குநரோடு விலை பேசும் எவரும் இதை முதல் நாளே கேட்டுவிட வேண்டும். முற்பணம் கைமாறியபின் தெரியவந்தால் மனக்கசப்புத்தான் மிஞ்சும்.

பங்காளிகளில் ஒருவர் மட்டும் காசு போட்டுத் திருத்துவது பற்றியும் நொத்தாரிசிடம் கேட்டேன். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் செய்ய வேண்டாம் என்றார். பிரிக்கப்படாத சொத்தில் ஒரு பங்காளி செய்த மேம்பாட்டுக்கு அவர் பின்னர் பிரிவிடல் வழக்கில் இழப்பீடு கோரலாம். ஆனால் இந்த நாட்டில் பிரிவிடல் வழக்குகள் எவ்வளவு காலம் எடுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். 38 இலட்சத்தை ஒருவர் போட்டு, விற்றபின் அதை முதலில் கழிப்பதா, நாலாகப் பிரித்தபின் கழிப்பதா என்று வாட்ஸ்அப் குழுவில் தொடங்கிய சண்டையை இங்கே எழுத நான் விரும்பவில்லை.

பணம் போடத்தக்க வேலைகள்

விலகிய ஓடுகளை மாற்றி ஒழுக்கை நிறுத்துவது முதல் வேலை. ஒழுக்கு இருந்தால் சிலாகையும் சுவரும் போகும், பிறகு பேரம் பேச ஒன்றும் மிஞ்சாது. நல்லூர்க் காலத்தில் வீடு பார்க்க வருபவருக்கு ஒழுக்குத் தெரியாது, உண்மைதான். ஆனால் மறைத்து விற்பது வேறு விடயம், அதை நான் இங்கே பேசவில்லை. விவரம் தெரிந்தவர் கார்த்திகை மழையில் இன்னொருமுறை வந்து பார்ப்பார்.

அடுத்தது கிணறு. குடாநாட்டின் நிலத்தடி நீர் வெடிப்புள்ள சுண்ணக்கல்லில் தேங்கும் நீர். மலக்குழியில் விடுவதும் தோட்டத்துக்குப் போடும் உரமும் இலகுவாக அதற்குள் இறங்குகின்றன. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். வலிகாமத்தில் அதைத் தாண்டிய கிணறுகள் உண்டு. சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த விவகாரத்துக்குப் பிறகு, வீடு பார்க்க வருகிறவர்கள் வாளியால் அள்ளி முகர்ந்து பார்ப்பதை நானே கண்டிருக்கிறேன். கிணற்றை இறைத்துச் சேறு எடுத்து, நீரைப் பரிசோதனைக்குக் கொடுத்து, அந்த அறிக்கையை உறுதிகளோடு வைத்துக்கொண்டால் மாபிளைவிட அது நன்றாகப் பேசும். முடிவு கூடாமல் வந்தாலும் தெரிந்திருப்பது நல்லது. குழாய்நீர் இணைப்பு எடுக்கக்கூடிய ஒழுங்கையா என்பதையும் விசாரித்துச் சொல்லலாம்.

மலக்குழி கிணற்றுக்கு அருகில் இருந்தால் அதை மாற்றுவது செலவான வேலைதான். ஆனாலும் குடிபோக வாங்குகிற குடும்பத்துக்கு அது பெரிய கேள்வி. வயரிங்கில் முழுவதையும் உடைக்காமல், றிப் சுவிட்ச் போட்டு ஆபத்தான பகுதிகளை மட்டும் மாற்றலாம். மின் இணைப்பு இன்னும் அப்புவின் பெயரில் இருந்தால் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும். பற்றை வெட்டுவது, சுண்ணாம்பு அடிப்பது, சரிந்த மதிலை நிமிர்த்துவது எல்லாம் சில நாள் கூலி. இவற்றோடு நிறுத்தலாம். எங்கள் வீட்டுக்கு இவ்வளவும் 6 இலட்சத்துக்குள் அடங்கும் என்றார் அதே மேசன். 38 இலட்ச வேலை கைநழுவியதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

வரியைப் பற்றி ஒரு வார்த்தை. முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். ஒரு கோடி ரூபா உறுதிக்கு 3,99,000 ரூபா. இது வழமையாக வாங்குநரின் செலவு. விற்பவர் பக்கம் மூலதன ஆதாய வரி. தனியாட்களுக்கு 10 வீதமாக இருந்தது 2025 ஏப்ரல் முதல் 15 வீதமாகியது. 2017 செப்டெம்பர் 30 இல் கையில் இருந்த சொத்துக்கு அன்றைய சந்தைப் பெறுமதியைக் கொள்விலையாக எடுப்பார்கள். மேம்பாட்டுக்குச் செலவழித்ததையும் அதோடு சேர்க்கலாம், பற்றுச்சீட்டு இருந்தால். மேசன்மாரிடம் பற்றுச்சீட்டு வாங்குவது ஊரில் வழக்கமில்லை என்பதால் இந்தச் சலுகையைப் பலர் இழக்கிறார்கள். விற்கும்வரை குறைந்தது மூன்று ஆண்டுகள் உடைமையாக இருந்து, அதில் இரண்டு ஆண்டுகளேனும் தானே குடியிருந்த முதன்மை வதிவிடத்துக்கு விலக்கு உண்டு. எங்கள் நால்வரில் இது சின்னம்மாவுக்கு மட்டுமே பொருந்தக்கூடியது. தீர்வையைக் குறைக்க உறுதியில் விலையைக் குறைத்து எழுதும் பழக்கத்தைத் தரகர்கள் இருவரும் தாமாகவே முன்மொழிந்தார்கள். சட்டவிரோதம் என்பது ஒரு பக்கம். கடன் எடுத்து வாங்குகிறவருக்கு வங்கி உறுதி விலையைப் பார்க்கும், அதனால் அவருக்கும் அது உதவாது.

சின்னம்மாவின் விடயம்தான் கடைசியாகப் பேசப்பட்டது. அவர் பங்கு நாலில் ஒன்று. அந்தக் காசுக்கு இதே ஊரில் ஒரு பரப்பு வாங்கலாம், அதன்மேல் வீடு கட்ட முடியாது. 30 ஆண்டுகளாக வீட்டைக் காத்ததற்கு ஒரு விலை போட அவர் கேட்கவும் இல்லை. அம்மாதான் வாயைத் திறந்தார். விற்கும் விலையில் முதலில் ஒரு தொகையைச் சின்னம்மாவுக்கு ஒதுக்கிவிட்டு மிகுதியைப் பிரிப்பது என்று நால்வரும் எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறார்கள். மாமாமார் இருவரும் தூதரகம் மூலம் அற்றோணித் தத்துவம் அனுப்பினார்கள். கூரை வேலையும் உள்ளே ஒரு குளியலறையும் நடந்தன. குளியலறை மேசனின் 6 இலட்சத்துக்குள் வராது, விற்பனைக்கும் அவசியமில்லை. 70 வயதுக்கு மேல் இரவில் மழைக்குள் பின்வளவுக்குப் போகிறார் என்பதற்காகச் சின்ன மாமா தனியாகக் காசு அனுப்பினார். அதைக் கழிப்பது பற்றி அவர் ஒன்றும் எழுதவில்லை.

கார்த்திகையில் ஓர் ஆசிரியத் தம்பதி இரண்டாம் முறையாக வந்தார்கள். நல்ல மழை. ஹோலில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்தார்கள், கிணற்று அறிக்கையைப் படம் எடுத்துக்கொண்டார்கள். தரையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பெண் குடையோடு படலை வரை போய், ஒழுங்கையில் வெள்ளம் எந்தப் பக்கம் ஓடுகிறது, எத்தனை நாள் நிற்கும் என்று சின்னம்மாவிடம் கேட்டார். 2008 வெள்ளம் எந்தப் படி வரை வந்தது என்று சின்னம்மா காலால் தொட்டுக் காட்டினார். விலை இன்னும் ஒத்துவரவில்லை. அவர்களுடைய வங்கி மதிப்பீட்டாளர் அடுத்த கிழமை வருகிறார்.